‘முடிச்சுக்கலாம்’ என்றார்கள், முடியவில்லையே!

கேள்வி: 2021-இல் வேலை போன சமயத்தில் கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் பாக்கி நின்றது. வசூலுக்கு வந்தவர், “30,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்” என்றார். நகையை அடகு வைத்துக் கட்டினேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால், சிபில் மதிப்பெண் 641 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 12,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் 780 ஆக்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, நாம் கடனைக் கட்டிய விதத்தைப் பதிந்துவைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

அதில் அந்தக் கார்டுக்கு நேரே ‘குளோஸ்டு’ (முழுசாகக் கட்டி முடித்தது) என்று இருக்காது, ‘செட்டில்டு’ (குறைத்துப் பேசி முடித்தது) என்று இருக்கும். கடன் கொடுக்கும் அதிகாரி அதை ‘இவர் முழுசாகக் கட்டாதவர்’ என்றுதான் படிப்பார். நீங்கள் மறந்துபோன அந்த 18,000 ரூபாய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வசூலுக்கு வந்தவர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கா அவருக்குச் சம்பளம்?

ஏஜென்டால் இதை அழிக்க முடியாது. வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் நிறுவனமே ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. ஆகவே வங்கிக்குப் போங்கள். மீதியைக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என்று கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். எழுத்தில் பதில் வராமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். (பழைய பாக்கியை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிடும் வங்கிகளும் உண்டு, யாருக்குக் கட்ட வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.) ஏஜென்டுக்கு வைத்திருந்த 12,000 இங்கேதான் உதவும். கட்டியதும் ‘நோ டியூ’ (பாக்கி இல்லை) சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளைக்கு ஒருமுறையாவது இந்த நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் மாறவில்லை என்றால் சிபில் இணையதளத்தில் புகார் பதியுங்கள், கட்டணமில்லை. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

‘குளோஸ்டு’ ஆன மறுநாளே 641 என்பது 780 ஆகிவிடாது. மொத்த அளவுகோலே 300 முதல் 900 வரைதான். 750-ஐத் தாண்டினால் வங்கிகள் அவ்வளவாக யோசிப்பதில்லை. அங்கே போய்ச் சேர, ஒழுங்காகக் கட்டிய கணக்கு ஒன்று புதிதாக வேண்டும். வங்கியில் 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்குங்கள். மாதாமாதம் மளிகைக்கு மட்டும் அதைத் தேய்த்து, பில் தொகையை முழுசாகக் கட்டுங்கள். ‘மினிமம் டியூ’ (குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது) பக்கமே போகாதீர்கள், வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். வங்கி நகைக்கடனும் சிபிலில் ஏறும். தெருமுனை அடகுக்கடையில் எவ்வளவு நாணயமாக மீட்டாலும் ஏறாது. ஒரு வருடமாவது பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை வங்கி வங்கியாக விண்ணப்பம் போடாதீர்கள்; ஒவ்வொன்றும் அறிக்கையில் பதிவாகும்.

கணவர் பெயரில் மட்டும் இப்போதே கடன் கேட்கலாம். ஆனால் அவர் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள், தொகை குறையும்.

ஒன்று கேட்க மறந்தேன்: அந்த ஏஜென்டிடம் பான் நகலோ ஓடிபியோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால், அறிக்கையின் கடைசியில் ‘என்கொயரி’ பகுதியை இன்றே பாருங்கள். நீங்கள் போடாத கடன் விண்ணப்பம் ஏதாவது உங்கள் பெயரில் அங்கே தென்படலாம்.