ரிக்லி ஃபீல்டில் ஒரு சனிக்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்து நண்பர்கள், இண்டியானாபொலிஸில் வேலை பார்க்கிறோம். எல்லோருக்கும் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சிகாகோ போய் ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். விடியற்காலை கிளம்பி, மில்லேனியம் பார்க், நேவி பியர் இரண்டையும் பார்த்துவிட்டு, மதியம் ஆட்டம் முடிந்ததும் ராத்திரியே வீடு திரும்புவதாகத் திட்டம். மைதானத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்குமா? எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்க வேண்டும்? எங்களில் இருவர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போரடிக்குமே என்று ஒருவன் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டான். அவனுக்கும் ஒரு பதில் வேண்டும்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சனிக்கிழமைக்கு ஆட்டம் ஒன்றே போதும். மில்லேனியம் பார்க்கை ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தள்ளுங்கள், நேவி பியரை விட்டுவிடுங்கள். ராத்திரியே திரும்பும் யோசனையையும் விட்டுவிடுவது நல்லது. காரணம் கடிகாரம்.

இண்டியானாபொலிஸ் கிழக்கு நேரத்தில் ஓடுகிறது, சிகாகோ மத்திய நேரத்தில். ஐ-65 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது உல்காட் தாண்டி ரெமிங்டன் வருவதற்குள் நேரம் மாறிவிடும். போன் தானாக மாற்றிக்கொள்ளும். காரின் கடிகாரம் பெரும்பாலும் மாறாது, அதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். போகும்போது ஒரு மணி நேரம் லாபம் என்பதால் காலை 7 மணிக்குக் கிளம்பினாலே தாராளம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் போய்விடும். ஆட்டம் 4 மணிக்கு முடிந்து, கூட்டத்திலிருந்து வெளியே வந்து, சாப்பிட்டு, 6:30-க்கு வண்டி எடுத்தால் வீடு சேரும்போது உங்கள் ஊர்க் கடிகாரம் இரவு 11:30-ஐத் தாண்டியிருக்கும். விடியற்காலையில் எழுந்து, வெயிலில் உட்கார்ந்துவிட்டு வரும் ஆள்தான் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். ஸ்கோக்கி, லிங்கன்வுட் பக்கம் ஒரு மோட்டலில் இரண்டு அறை எடுத்தால் ஐந்து பேருக்குப் பங்கிட்டுப் பெரிய செலவு வராது.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஆட்டம் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். ரிக்லியில் சனிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் பகல் 1:20-க்குத் தொடங்கும். தேசிய டிவி எடுத்துக்கொண்டால் மாலை 6:15-க்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டமும் இப்படி இரவுக்கு மாறுவதுண்டு. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டிய உங்களைப் போன்றவர்கள் ஞாயிறு டிக்கெட் எடுத்து மாட்டிக்கொள்வது இப்படித்தான். பகல் ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருத்தமான மைதானமும் இதுதான். 1914-இல் கட்டிய இந்த மைதானத்தில் 1988 ஆகஸ்ட் வரை விளக்கே கிடையாது. ஆகஸ்ட் 8 அன்று முதல்முறை விளக்கேற்றினார்கள், பாதி ஆட்டத்தில் மழை வந்து கலைத்துவிட்டது.

அடுத்தது கார். அதை மைதானத்தின் அருகே கொண்டுபோகவே போகாதீர்கள். ரிக்லி ஒரு குடியிருப்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் தேர் ஓடும் நாளில் மாடவீதிக்குள் கார் எடுத்துப் போவது போலத்தான். தனியார் ஆட்கள் வீட்டுப் பின்கட்டில் நிறுத்தக் கேட்கும் பணம் ஒரு டிக்கெட் விலையைத் தொடும். அங்கே ஒன்றன் பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள், முன்னால் நிற்கும் கார்க்காரர் வரும்வரை உங்கள் கார் நகராது. இரவு ஆட்டம் என்றால் சுற்றியுள்ள தெருக்களில் மாலை 5 மணி முதல் அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டிகள் மட்டும்தான் நிற்கலாம். மற்றதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வடக்குக் கோடியில் ஹோவர்ட் ரயில் நிலையத்தில் நிறுத்துவதுதான் என் யோசனை. ஐ-65 முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஐ-80/94 மேற்கில் ஏறி, ஐ-94-ஐப் பிடித்து டான் ரயன், கென்னடி, ஈடன்ஸ் என்ற விரைவுச் சாலைகள் வழியே வடக்கே போனால் டூஹி அவென்யூ வரும். அதில் இறங்கிக் கிழக்கே போய் ஹோவர்ட். டான் ரயனில் விரைவுத் தடம், உள்ளூர்த் தடம் என்று சாலை இரண்டாகப் பிரியும். நீங்கள் நேரே போவதால் விரைவுத் தடத்திலேயே இருங்கள். வழியில் 35ஆம் தெருவருகே பெரிய பேஸ்பால் மைதானம் ஒன்று தெரியும். அது வொயிட் சாக்ஸ் அணியுடையது. ஜிபிஎஸ்ஸில் ‘சிகாகோ பேஸ்பால்’ என்று மட்டும் தட்டினால் அங்கே இறக்கிவிடும் ஆபத்து உண்டு, ரிக்லி என்றே தட்டுங்கள். ஜிபிஎஸ் ஸ்கைவே வழியைக் காட்டினால் அது சுங்கச் சாலை. வாடகைக் காராக இருந்தால் வாடகை நிறுவனம் சுங்கத்தின் மேல் தன் கட்டணத்தையும் ஏற்றலாம். பெட்ரோலை இண்டியானாவிலேயே நிரப்பிவிடுங்கள், சிகாகோவில் வரி அதிகம்.

ஹோவர்ட்டில் சிவப்புத் தடம் ரயில் ஏறினால் அடிசன் நிலையம் சுமார் இருபது நிமிடம். இறங்கினால் மைதானம் கண்ணெதிரே. வங்கி அட்டையைத் தட்டினாலே வாசல் திறக்கும், ஆளுக்கு ஓர் அட்டை கையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அடிசன் நிலையப் படிக்கட்டில் கூட்டம் பிதுங்கும். அங்கே நிற்காமல் வடக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்து அடுத்த நிலையமான ஷெரிடனில் ஏறுங்கள். கூட்டத்தில் பெரும்பகுதி தெற்கே நகர மையத்துக்குப் போவது, நீங்கள் போவது வடக்கே.

இருக்கை விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பழைய மைதானம் என்பதால் மேல்தளத்தை இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. 200 என்று தொடங்கும் பகுதிகளின் பின்வரிசையில் விலை குறைவாக இருந்தால் காரணம் இதுதான்: பந்தெறியும் பிட்சருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தூண் நிற்கலாம். மேல்தளத்தின் அடிப்பகுதி தலைக்கு மேல் நீண்டிருப்பதால், உயரே போகும் பந்து எங்கே போனது என்றும் தெரியாது. 400 பகுதிகளிலும் தூண் தொல்லை உண்டு. 300 பகுதிகள் அந்தத் தூண்களுக்கு முன்னால் இருப்பவை. உயரமாக இருந்தாலும் மைதானம் முழுதும் தெரியும், விலையும் அடக்கம். முதன்முறை பார்ப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆட்டத்தின் அமைப்பு மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

பக்கம் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் (பேஸ் என்பது ஓடுகிறவர் தொட வேண்டிய தட்டு). பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் மைதானத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. மதியம் சாயும் வெயிலை அந்தப் பக்கத்து மாடம் மறைக்கும், நிழல் முதலில் அங்கேதான் விழும். கப்ஸ் அணி உட்காரும் இடமும் அந்தப் பக்கம். எல்லைச் சுவருக்கு மேலே இருக்கும் பிளீச்சர்ஸ் பகுதியில் இருக்கை எண் கிடையாது, முதுகு சாய்க்கப் பலகை கிடையாது, வெயிலுக்கு ஒதுங்க இடமும் கிடையாது. அங்கே கும்மாளம் அதிகம். எதிரணி சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்தைப் பிடித்தால் திருப்பி மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம், வைத்துக்கொண்டால் ஊரே கத்தும்.

டிக்கெட் எல்லாம் போனில்தான். ஒருவரே ஐந்தையும் வைத்துக்கொண்டால் வாசலில் எல்லோரும் அவருக்காகக் காத்து நிற்க வேண்டும். முந்தின இரவே ஆளுக்கு ஒன்றாக அனுப்பிவிடுங்கள், அவரவர் போனின் வாலெட்டில் சேமித்துக்கொள்ளட்டும். நாற்பதாயிரம் பேர் கூடுகிற இடத்தில் நெட்வொர்க் இழுக்கும். உள்ளே ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டைதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சிகாகோ ஹாட் டாக் என்பது பொதுவாக முழு மாட்டிறைச்சி. நாச்சோஸ் மேல் ஊற்றும் சில்லியிலும் இறைச்சி இருக்கும். சைவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது உப்பு பிரெட்ஸல், வேர்க்கடலை, சீஸ் மட்டும் ஊற்றிய நாச்சோஸ். இதில் ஒருவர் பசியாற முடியாது. நல்ல வேளையாக, வெளியிலிருந்து தனித்தனிப் பொட்டலமாகச் சாப்பாடு கொண்டுபோக இந்த மைதானத்தில் விடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா எலுமிச்சை சாதமோ புளிசாதமோ, மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில். கண்ணாடி, டின், பிளாஸ்க் வேண்டாம். தயிர்சாதம் ஜூன் வெயிலில் மூன்று மணிக்குள் புளித்துவிடும், காலையிலேயே காரில் முடித்துவிடுங்கள். முதுகுப்பைக்குப் பதிலாகச் சின்னத் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பை, உணவு விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால் முந்தின நாள் மைதானத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இந்திய உணவகங்கள் நிறைந்த டெவன் அவென்யூ. ஹோவர்ட்டிலிருந்து காரில் கால் மணி நேரம்கூட ஆகாது, தோசைக்குக் குறைவிருக்காது. சனிக்கிழமை இரவு அங்கே கார் நிறுத்தத்தான் அலைய வேண்டியிருக்கும்.

இனி போரடிக்கும் என்ற நண்பருக்கு. மூன்று மணி நேரம் என்ற கணக்கே பழசு. 2023-இல் பந்தெறியக் காலக்கெடு கொண்டுவந்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பிட்சர் எறியத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு முன் மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த சராசரி ஆட்டம் அந்த ஆண்டே சுமார் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது.

கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர் ரன்னை எண்ணுவார். இங்கே எண்ண வேண்டியது பந்தை. வாகான இடத்தை விட்டு விலகிப் போய், பேட்டரும் அடிக்காமல் விட்ட தவறான பந்து நான்கு போனால் அவருக்கு முதல் பேஸ் இலவசம். ஸ்டிரைக், அதாவது அவர் வீசித் தவறவிட்ட பந்தோ வாகாக வந்தும் அடிக்காமல் விட்ட பந்தோ, மூன்று விழுந்தால் அவர் அவுட். ஹோம் பிளேட்டிலிருந்து இருபுறமும் போகும் பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்த ஃபௌல் முதல் இரண்டு ஸ்டிரைக்குக் கணக்கில் சேரும், மூன்றாவதற்குச் சேராது. அதனால்தான் தேர்ந்த பேட்டர் ஒருவர் பிடிக்காத பந்தையெல்லாம் வெளியே தட்டித் தட்டி பிட்சரைக் களைக்க வைக்க முடிகிறது. இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஒரு ஓட்டக்காரர், கணக்கு மூன்று தவறான பந்து, இரண்டு ஸ்டிரைக் என்று வந்தால் ஓட்டக்காரரைப் பாருங்கள். பிட்சர் எறிய அசைந்ததுமே அவர் ஓடத் தொடங்கிவிடுவார். ஸ்டிரைக் என்றால் மூன்றாவது அவுட், அந்த அணி பேட் செய்யும் முறையே முடிந்தது, நான்காவது தவறான பந்து என்றால் இரண்டாம் பேஸ் எப்படியும் அவருக்கு, அடிபட்டால் அவர் ஏற்கெனவே பாதி தூரத்தில் இருக்கிறார். ஓடுவதில் நஷ்டமே இல்லாத அந்தக் கணத்தில் மைதானம் முழுக்க எழுந்து நிற்கும்.

ரிக்லிக்கே உரிய இன்னொன்று எல்லைச் சுவரின் படர்கொடி. செங்கல் சுவர் மேல் 1937-இல் நட்ட ஐவி. ஜூனில் சுவரே தெரியாமல் பச்சை மூடியிருக்கும். அடித்த பந்து அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கைகளையும் மேலே தூக்குவார். பேட்டருக்கு இரண்டு பேஸ் என்று நடுவர் நிறுத்திவிடுவார். ஆனால் கையைத் தூக்காமல் இலைக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்துவிட்டால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பந்து கிடைக்கும்வரை எதிரணி ஓடிக்கொண்டே இருக்கலாம்.

உட்கார்ந்ததும் முதலில் நடு எல்லைக்கு மேலே இருக்கும் ஸ்கோர்போர்டின் உச்சியில் பறக்கும் கொடிகளைப் பாருங்கள். அதே 1937-இல் எழுப்பிய பலகை அது, இன்றும் உள்ளே ஆள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார். கிழக்கே சற்றுத் தொலைவில் மிச்சிகன் ஏரி. காற்று ஏரியிலிருந்து உள்ளே வீசினால் உயரே போன பந்தெல்லாம் செத்து விழும், ரன் குறையும். வெளியே வீசினால் சாதாரண அடியும் சுவரைத் தாண்டும். 1979 மே 17 அன்று அப்படி வீசிய நாளில் ஃபிலடெல்பியா அணி கப்ஸை 23–22 என்று பத்து இன்னிங்ஸில் வென்றது (இரு அணியும் ஒவ்வொரு முறை பேட் செய்வது ஓர் இன்னிங்ஸ்). உள்ளே வீசும் நாளில் ஜூனிலும் நிழலில் குளிரும், ஆளுக்கொரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை ஒன்றுதான் மிச்சம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், அல்லது சொந்த மைதானத்தில் ஆடும் அணி முன்னிலையில் இருந்து நாலரை முடிந்திருந்தால், அதை முழு ஆட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னமே கலைந்தால் இன்னொரு நாள் தொடர்வார்கள், பணம் வராது, அதே டிக்கெட்டோடு இன்னொரு முறை வர வேண்டியிருக்கும். ஆகவே தூறல் என்றதும் எழுந்து போகாதீர்கள். ஒரு மணி நேரம் தார்ப்பாய் போர்த்தி வைத்துவிட்டு மறுபடி தொடங்குவது சாதாரணம்.

ஞாயிறு திரும்பும் வழியில் ஃபேர் ஓக்ஸில், எக்ஸிட் 220, பெரிய பால்பண்ணை ஒன்று இருக்கிறது. ஐஸ்கிரீமுக்கும் சூடான சீஸ் சாண்ட்விச்சுக்கும் அங்கே நிறுத்தலாம். அங்கே இன்னும் சிகாகோ நேரம்தான், ரெமிங்டன் தாண்டியதும் ஒரு மணி நேரம் போய்விடும். ஓட்டுகிற ஆளை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.