கன்னி மூலைப் படுக்கையறை வெந்துபோகாமல் இருக்க

கன்னி மூலையான தென்மேற்கில் பெரிய படுக்கையறை வைக்கச் சொல்கிறது வாஸ்து. ஆனால் தமிழ்நாட்டு வெயிலுக்கு அந்த அறை சூடாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சூடாகும். மே மாதம் இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், பகலில் வாங்கிய சூட்டை அப்போதும் விட்டுக்கொண்டிருக்கும்.

அதற்காக அறையை மாற்ற வேண்டாம், மேற்குச் சுவரைக் கவனித்தால் போதும். அலமாரி, பீரோ, பரண் எல்லாவற்றையும் அந்தச் சுவரோடு வையுங்கள். தென்மேற்கில் பாரம் இருக்கட்டும் என்று வாஸ்துவும் சொல்வதால் அதிலும் சிக்கல் இல்லை. மேற்கில் ஜன்னலைத் தவிர்த்து, தெற்கில் பெரிதாக வையுங்கள். மே, ஜூனில் நம் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. தென்மேற்குக் காற்றும் கிடைக்கும். மார்கழி வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். மேற்கில் சன்ஷேடு பெரிதாக உதவாது, மாலை வெயில் தாழ்வாக வரும். வெளியே ஒரு வேப்பமரம் நடுங்கள்.

அப்புறம், மேலே மொட்டை மாடி என்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் கட்டாயம். திசை எதுவானாலும் உச்சி வெயில் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.