பழைய துணி கூலியில் சேராது

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து டர்பனுக்கு வந்து குடியேறியவர்கள். பக்கத்து நகர்ப்பகுதியான உம்லாஸியிலிருந்து ஒரு ஜூலு அம்மா வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறார். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, 180 ராண்ட் கொடுக்கிறோம். அதுபோக மதியச் சாப்பாடு, பிள்ளைகளின் பழைய துணி, கிறிஸ்துமஸுக்கு மளிகை எல்லாம் உண்டு. போன மாதம் கூலியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். “இவ்வளவு செய்கிறோமே, போதாதா?” என்கிறார் என் கணவர். அந்த வாரம் ஆலயத்தில் பிறனை நேசிப்பதைப் பற்றித்தான் பிரசங்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்பதைத் திங்கட்கிழமை எப்படித்தான் செய்வது? ரோபோட்டில் (சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர்) கார் நிற்கும்போது கை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமா?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

ரோபோட்டில் நிற்கிறவர்களுக்கு முடிந்தபோது கொடுங்கள். முடியாதபோது முகத்தைத் திருப்பாமல் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தின் உயிர் அந்த அம்மாவின் கூலியில்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்ட பிரசங்கத்தின் வசனத்தை இயேசு லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொன்னார். அங்கே அது 18ஆம் வசனம். வேதாகமத்தைத் திறந்து அதற்கு ஐந்து வசனம் மேலே பாருங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று இருக்கும். அடுத்த வசனம் செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்கிறது. பிறனை நேசி என்ற வார்த்தை இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அன்பு என்று நாம் பாடுகிற அந்தப் பெரிய கட்டளை, கூலியைப் பிடித்து வைக்காதே என்பதோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்டது. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பிரசங்கிக்கும்போது நமக்கு வசதியாகிவிடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் மற்றவர்களின் முக்கால் பங்குதான் வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் சமமாக்கினார்கள். 2025 மார்ச் 1 முதல் மணிக்கு 28.79 ராண்ட் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230.32. நீங்கள் கொடுப்பது 180. ஒரு நாளைக்கு ஐம்பது ராண்ட், வாரத்துக்கு நூற்றைம்பது ராண்ட் குறைகிறது. சாப்பாடு, துணி, பஸ் காசு, கிறிஸ்துமஸ் பரிசு எதையும் இந்தக் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் அதுதான்.

உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொல்வதைத்தான் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் சொல்கிறார்கள், மனதார நம்பியே சொல்கிறார்கள். கொடுப்பதில் நமக்கு மகிழ்ச்சி இருக்கிறது. பழைய சட்டையைக் கொடுத்தால் அவர் நன்றி சொல்வார், நமக்கு உள்ளம் குளிரும். கூலியை முழுசாகக் கொடுத்தால் யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, அது அவருடைய பணம். அந்த நன்றியை விட்டுக்கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

வேதாகமத்தில் வருகிற வரி வசூல்காரன் சகேயுவை நினைத்துப் பாருங்கள். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். அநியாயமாக வாங்கினது இருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றும் சொன்னான். தர்மத்தை ஒரு பக்கமும் கடனை இன்னொரு பக்கமும் வைத்தான். ஏழைகளுக்குப் பாதி கொடுத்தாயிற்றே, இதில் அதுவும் அடங்கும் என்று அவன் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது டர்பன் அடங்கிய நேட்டாலில். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்தது. அதில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் முதல் வருஷம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங் என்று பேச்சு. 1871இல் ஊர் திரும்பிய முதல் கூட்டத்தார், கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், மோசமாக நடத்தினார்கள் என்று சென்னையில் முறையிட்டார்கள். அதைத் தொடர்ந்து 1872இல் இங்கே விசாரணைக் குழு உட்கார்ந்தது, ஆள் அனுப்புவது 1874இல்தான் மறுபடி தொடங்கியது. வயலை அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியதை அந்தத் தோட்டங்களில் தமிழில் வாசித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் நடந்த மண்ணில் இன்று வேலை வாங்குகிறவர்களாக நாம் இருக்கிறோம். உம்லாஸியிலிருந்து வருகிற அம்மா நம் சாதி சனம் இல்லை, நம் மொழி பேசுகிறவர் இல்லை. ஆனால் உபாகமம் 24ஆம் அதிகாரம் கூலிக்காரனைப் பற்றிப் பேசும்போது உன் சகோதரனானாலும் சரி, உன் தேசத்திலுள்ள அந்நியனானாலும் சரி என்றே சொல்கிறது. இங்கே அந்நியர் அவரல்ல, நாம்தான் வந்தவர்கள்.

விபத்து விஷயத்தையும் யோசியுங்கள். 2012இல் பிரிட்டோரியாவில் வீட்டு வேலை செய்த ஓர் அம்மா, ஜன்னல் துடைக்கும்போது முதலாளியின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோனார். வீட்டுப் பணியாளர்களுக்கு விபத்து நஷ்டஈட்டுச் சட்டம் பொருந்தாது என்று மகளுக்கு அந்த நஷ்டஈடு கிடைக்கவில்லை. அவர் வழக்கு நடத்தி, 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. எனவே அதிலும் பதிவு செய்ய வேண்டும். வேலையில்லாக் கால நிதிக்கும் சம்பளத்தில் உங்கள் பங்கு ஒரு சதவீதம், அவர் பங்கு ஒரு சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே இது உண்டு. நாளைக்கு நீங்கள் ஊர் திரும்பினால் அவர் கையில் ஏதாவது இருக்கும்.

அப்புறம், தனி டம்ளர், தனித் தட்டு. உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைத் திருநெல்வேலியில் பார்த்துப் பழகியவர்கள் நாம். கர்த்தருடைய பந்தியில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வந்து, அடுக்களையில் இரண்டு பாத்திரம் வைக்க முடியாது.

மூன்று நாளுக்கு முழுக் கூலி உங்களால் கட்டுப்படியாகாமல் போகலாம். அப்படியானால் அவரை உட்காரவைத்து வரவு செலவைச் சொல்லுங்கள். இரண்டு நாள் முழுக் கூலிக்கு வந்தால் அதே கணக்கில் வாரத்துக்கு 460 ராண்ட், இப்போது வாங்குவதைவிட எண்பது குறைவு, ஆனால் ஒரு நாள் அவருக்கு மிச்சம். அந்த நாளில் வேறு வீடு கிடைக்குமா, கிடைக்காதா என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், அவருக்காக நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள்.

இதுவரை குறைந்த தொகையையும் மாத வாரியாக எழுதிக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். ‘பாக்கி’ என்று தெளிவாக எழுதிய சீட்டோடு கொடுங்கள், பரிசு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கணக்குப் போடுவதில் சந்தேகம் இருந்தால், அவர் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார் என்று எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.