எந்தச் சீட்டில் அவர் பெயரை எழுதுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் 2017 நவம்பரில் ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனார். 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது. முன்னாலேயே போயிருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. படகும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நிவாரணம் தந்தார்கள். இன்றைக்கும் ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அவர்தான் என்று எழுந்து ஓடுகிறேன்.

நான் பூசை தவறாதவள். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தோர் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லும்போது கை வருவதில்லை. எழுதினால் நானே அவரைக் கொன்ற மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் அவரை மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு ஒரு குழிகூட இல்லை. இயேசு புயலை அடக்கிய வாசகம் வந்த ஞாயிற்றுக்கிழமை பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் படகில் எழுந்தவர் எங்கள் படகில் ஏன் எழவில்லை? இப்படிக் கேட்பது பாவமா? 'இறைசித்தம், ஏற்றுக்கொள்' என்கிறார் நாத்தனார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகன், 'அப்பா செத்துட்டாரா, இல்லையா?' என்கிறான்.

அன்புள்ள தங்கைக்கு,

பாவம் இல்லை. அந்த வாசகத்தை, மாற்கு 4-ம் அதிகாரத்தை, வீட்டில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சீடர்கள் கைகூப்பி நிற்கவில்லை. 'சாகப்போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா?' என்று தூங்குகிறவரை எழுப்புகிறார்கள். அவர்களிலும் மீன்பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். நீங்கள் கேட்பதும் அதே கேள்விதான். அவர் ஏன் எழவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. லாசர் இறந்தபோது மார்த்தாவும், 'நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்' என்று நேராகவே சொன்னாள். இயேசு அவளைக் கண்டிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் அழுதார். 88-ம் திருப்பாடல் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

கதவு சத்தம் கேட்டு எழுந்து ஓடுவதை மனநோய் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இப்படிப்பட்ட துக்கத்துக்குத் தெளிவில்லாத இழப்பு என்று பெயர் வைத்தார். உடலைப் பார்க்காத மனசு, 'போய்விட்டார்' என்றும் சொல்லும், 'வருவார்' என்றும் சொல்லும். ஒன்றை அடக்கி மற்றதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மகனிடமும் அதையே சொல்லுங்கள். 'அப்பா புயலில் இறந்திருப்பார் என்றுதான் அம்மா நினைக்கிறேன். கண்ணால் பார்க்காததால் மனசு இன்னும் வாசலைப் பார்க்குது.' அப்புறம் அவர் எந்த மீன் குழம்புக்கு இன்னொரு தட்டு சோறு கேட்பார், எப்படிச் சிரிப்பார் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு வேண்டியது அந்த அப்பாதான்.

வரும் கல்லறைத் திருநாளில், பூசை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். காற்றில் அணையாதபடி மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள். திருவெளிப்பாடு 20-ம் அதிகாரத்தில், கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுத்தது என்று ஒரு வரி வருகிறது. அங்கே நின்று அதை அவனை வாசிக்கச் சொல்லுங்கள். ஒக்கியில் கணவரை இழந்த வேறு பெண்களையும் கூப்பிடுங்கள். நாத்தனாரிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம்.

தூக்கமே வராமல் போனாலோ, 'நானும் கடலோடு போய்விடலாம்' என்று தோன்றினாலோ தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம்.

சரி, சீட்டு விஷயம். பங்குத்தந்தையிடம் பேசுங்கள். 'இறந்தோர்' என்று எழுதக் கை வராவிட்டால் 'கடலில் இருப்பவர்' என்று எழுதி, கீழே அவர் பெயரைப் போடுங்கள். பீடத்தில் அதை வாசிக்கிறவருக்கும் புரியும், கேட்கிறவருக்கும் புரியும்.