எண்ணெயில் போட்டதும் கறுத்துப்போகும் உருளைக்கிழங்கு

கேள்வி: திருப்பூரில் சின்னதாக சிப்ஸ் கடை நடத்துகிறேன். இந்த மாதம் எடுத்த கிழங்கு பார்வைக்கு நன்றாக இருக்கிறது. எண்ணெயில் போட்டால் காபிப்பொடி நிறத்துக்குப் போய்விடுகிறது, லேசாக இனிக்கவும் செய்கிறது. எண்ணெயை மாற்றியும் பயனில்லை. மண்டிக்காரர் "புதுக் கிழங்குதான்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: எண்ணெய் மேல் தப்பில்லை. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அந்தக் கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து வந்திருக்கிறது.

தோண்டி எடுத்த பிறகும் கிழங்குக்கு உயிர் உண்டு, அது சுவாசிக்கிறது. உள்ளிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையை எரித்துத்தான் பிழைக்கிறது. 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்தால் சுவாசம் மந்தமாகிவிடும். ஆனால் மாவு உடைவது அந்த அளவுக்குக் குறையாது. செலவு குறைந்து வரவு நிற்காவிட்டால் கையிருப்பு ஏறும் அல்லவா? அப்படித்தான் சர்க்கரை சேர்கிறது. கிழங்குக்கு அது நல்லதே. குளிரில் செல்கள் கெடாமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். உங்கள் வாணலிக்குத்தான் ஆகாது. கொதிக்கும் எண்ணெயில் அது கிழங்கின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து கறுக்கிறது. அதோடு அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுகிறது. கறுத்த சிப்ஸை மசாலா தூவி விற்றுவிடாதீர்கள்.

ஓரளவு மீட்கலாம். 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சுவாசம் வேகமெடுத்துச் சர்க்கரையைத் தீர்க்கும். கொஞ்சம் மறுபடி மாவாகவும் மாறும். நம் ஊரில் அந்தக் குளுமை கிடைக்காது. நிழலான, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் பரப்பி வையுங்கள். மூட்டையோடு அடுக்கினால் உள்ளே காற்றுப் போதாமல் கிழங்கின் நடுப்பகுதி கறுத்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை நாலு வில்லை பொரித்துப் பாருங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழங்குக்கு வயதாகியும் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை திரும்பாது. முளை கிளம்பி, தோல் சுருங்கி, அழுத்தினால் மெத்தென்று இருக்கும் கிழங்கை ஒரு மாதம் வைத்திருந்தாலும் தேறாது. மூன்று வாரத்திலும் நிறம் தெளியவில்லையா, அது பெரும்பாலும் வயதான சரக்கு; இன்னும் காத்திருந்து பணத்தை முடக்காதீர்கள்.

அடுத்தது தரகர்கள். பழைய சரக்கில் செம்மண்ணைப் பூசி "ஊட்டிக் கிழங்கு" என்று விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிழங்கைக் கையில் எடுத்து ஈரத் துணியால் துடையுங்கள். கலர் துணியில் வழிந்து, அடியில் மங்கிய தோலும் கண்களில் ஊசிமுனை போல வெள்ளை முளையும் தெரிந்தால் வாங்காதீர்கள். "சுகர் ஃப்ரீ" என்று சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு. 10 முதல் 12 டிகிரியில், முளைக்காமல் இருக்க மருந்துப் புகை காட்டி வைத்த கிழங்குக்கு வியாபாரத்தில் அந்தப் பெயர். உண்மையிலேயே அப்படி வைத்திருந்தால் சிப்ஸுக்கு அருமை. சர்க்கரை நோயாளிக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை, மாவு அப்படியேதான் இருக்கிறது. எந்த டிகிரியில் எத்தனை மாதம் இருந்தது என்று மூட்டையில் ஒரு சீட்டு ஒட்ட என்ன செலவு ஆகிவிடும்? பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தேதி கேட்கிற நாட்டில் கிழங்கு மூட்டைக்கு ஒன்றுமே இல்லை!

ஆகவே வாங்கும் முன்பு நீங்களே சோதியுங்கள். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். கிழங்கை வெட்டி, ஈர முகத்தில் அதை அழுத்துங்கள். நிறம் நன்றாக மாறினால் மூட்டையை இறக்க வேண்டாம். ரகத்தையும் கேளுங்கள்: குஃப்ரி சிப்சோனா வகைகள் சிப்ஸுக்காகவே சிம்லா ஆராய்ச்சி நிலையம் தந்தவை, குஃப்ரி ஜோதி குளிரில் சீக்கிரம் இனித்துவிடும்.

இப்போது கையில் இருக்கும் சரக்கைக் குருமாவுக்கும் போண்டாவுக்கும் எடுக்கும் ஓட்டலுக்குத் தள்ளிவிடுங்கள். வேகவைத்தால் கறுக்காது.