பெரியப்பா விட்டுச்சென்ற அல்பீன் கார்: புதுச்சேரிக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: நான் முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61, இந்தியக் குடிமகன். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (படைவீரராக) இருந்து அங்கேயே தங்கிவிட்ட என் பெரியப்பா நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். 1970ஆம் ஆண்டின் அல்பீன் ஏ110 காரை (1300 வகை) எனக்கு உயில் எழுதிவைத்திருக்கிறார், அந்த உயிலில் வேறெதுவும் எனக்கில்லை. பந்தயங்களில் வென்ற கார், தங்கத்தைப் போல விலை ஏறும் என்கிறான் என் தம்பி. வைப்புநிதியில் உள்ள 35 லட்சம் ரூபாயை எடுத்து அதை இங்கே கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. உயில்படி காரை ஏற்றுக்கொள்வதா என்பது ஒரு கேள்வி, இங்கே கொண்டுவருவதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் தயக்கமின்றி மறுப்புச் சொல்லிவிடலாம்.

தம்பி சொல்லும் பந்தயப் புகழ் உண்மையே. பிரான்சின் தியெப் நகரில் ரெனோ கார்களை விற்றுவந்த ழான் ரெதெலே, ரெனோ 4சிவி காரில் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் பெற்ற வெற்றியின் நினைவாகவே 1955இல் தொடங்கிய நிறுவனத்துக்கு அல்பீன் என்று பெயரிட்டார். 1962 முதல் 1977 வரை தயாரான ஏ110, தரையிலிருந்து 113 சென்டிமீட்டர் உயரமே உள்ள, எஞ்சினைப் பின்புறம் சுமக்கும் சின்னஞ்சிறு வண்டி. கண்ணாடியிழை உடலால் எடை 700 கிலோவை ஒட்டியே நின்றது. பனி மூடிய மலைவளைவுகளில் அந்த எடைக் குறைவும் பின்சக்கரங்களின் மேல் விழுந்த பாரமும் கைகொடுக்க, 1971இல் ஓவே ஆண்டர்சனும் 1973இல் ழான்-குளோத் ஆந்த்ருவேவும் மோன்தே கார்லோ ராலியை (சாலைவழிக் கார்ப் பந்தயத்தை) வென்றனர். உலக ராலி சாம்பியன் பட்டப் போட்டி தொடங்கிய 1973ஆம் ஆண்டிலேயே தயாரிப்பாளர் பட்டம் அல்பீனுக்குப் போனது.

ஆனால் அந்தப் புகழை விலையாக மாற்றித் தருபவை நிறுவனமே போட்டிக்கு அனுப்பிய வண்டிகளும், 1600 எஸ் போன்ற வலுவான வகைகளும், அதிலும் அடிச்சட்ட (சேசிஸ்) எண், எஞ்சின் எண், பந்தயப் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பவையும்தாம். எஞ்சின் மாற்றி உயர்ந்த வகையாக வேடமிட்ட கார்கள் ஏராளம் என்பதால், வாங்குவோர் காரைப் பார்க்குமுன் காகிதத்தையே பார்ப்பார்கள். தங்கத்தை நேரு வீதியில் எந்தக் கடையிலும் எடைபோட்டு விற்கலாம். உங்களுடைய 1300ஐ வாங்குபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் இருப்பார்.

தம்பி கணக்கில் எடுக்காத செலவு ஒன்று உண்டு. அண்ணன் தம்பி பிள்ளைகள் பெறும் சொத்துக்குப் பிரான்சில் 7,967 யூரோ கழிவு போக மீதிக்கு 55 சதவீதம் வாரிசு வரி விதிக்கப்படுகிறது. இறந்தவர் அங்கே வசித்திருந்தால், பெறுபவர் இந்தியாவில் இருந்தாலும் அது பொருந்தும். கார் 80,000 யூரோ பெறும் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் 39,618 யூரோ. மதிப்பு ஏறுகிறதே என்று மகிழும்போது வரியும் கூடவே ஏறுகிறது. பிரான்சில் நேர்ந்த மரணத்துக்கு ஆறு மாதத்தில் வாரிசு விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதமே மீதம்.

இனி இங்கே கொண்டுவருவதைப் பார்ப்போம். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை இறக்குமதி செய்ய 2025 முதல் வழி இருக்கிறது, ஆனால் அவற்றை இந்தியாவில் மறுவிற்பனை செய்யக்கூடாது என்பது நிபந்தனை. விற்க முடியாததை முதலீடு என்று நான் எழுதித் தர இயலாது. சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் காரின் மதிப்பையே தாண்டிவிடும். உங்கள் 35 லட்சம் அதற்கே போதாது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டிப் பழங்கால வாகனமாகப் பதிந்தாலும், கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத் தவிர அதைச் சாலையில் எடுக்க முடியாது. கண்ணாடியிழை துருப்பிடிக்காதுதான், அதன் அடியில் முதுகெலும்பாகக் கிடக்கும் எஃகுச் சட்டத்தை நம் ஊர் உப்புக் காற்று விட்டுவைக்காது.

ஆகவே பிரான்சிலேயே விற்பதுதான் வழி. முதலில் உயிலைக் கையாளும் நொத்தேருக்கு (பிரான்சில் வாரிசுச் சொத்தைக் கவனிக்கும் சட்ட அலுவலருக்கு) எழுதி, சுதந்திரமான மதிப்பீடு ஒன்றையும், எண்கள் பொருந்துகின்றனவா என்ற அறிக்கையையும், விற்ற பணத்திலிருந்தே வரியைச் செலுத்த அவகாசம் கிடைக்குமா என்ற விளக்கத்தையும் கேளுங்கள். எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் இவை வர வேண்டும்; வரியும் செலவும் விலையை விழுங்கிவிடும் நிலை என்றால் உயிலை ஏற்க மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் வாரிசு வரி இல்லை. இருப்பினும் காரை விற்று வரும் லாபத்துக்கு இங்கே வரி வரலாம்: நீங்கள் ஓட்டிப் பயன்படுத்தாத கார் என்பதால், சொந்தப் பயன்பாட்டுப் பொருளுக்கான விலக்கைக் கோருவது கடினம். பெரியப்பா கொடுத்த விலையை அடிப்படையாக வைத்து அந்த லாபம், அதாவது மூலதன ஆதாயம், கணக்கிடப்படலாம். அவர் வாங்கிய ரசீது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கார் உங்கள் பெயரில் இருக்கும் ஆண்டுக்கு, வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் இப்போதே தெரிவித்துவிடுங்கள். வைப்புநிதி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.