ஒரே ரக கார் என்றால் செலவு குறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய மாஸ்டா மியாட்டா கார்களை மட்டும் கொண்டு நடக்கும் ‘ஸ்பெக் மியாட்டா’ பந்தயத்தில் எல்லோரிடமும் ஒரே கார்தானே, பிறகு ஏன் செலவு கூடுகிறது?

பதில்: கார் ஒன்றுதான், பர்ஸ் ஒன்றல்ல. 1990 முதல் 2005 வரையிலான மாடல்கள் ஓடுவதால், 1.6 லிட்டர், 1.8 லிட்டர் என்ஜின்களுக்கு இடையிலான வேறுபாட்டை, ஓட்டுநரையும் சேர்த்து நிறுக்கும் குறைந்தபட்ச எடையாலும், காற்று வழியைச் சுருக்கும் தகட்டாலும் சரிக்கட்டுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பணம் வேலை செய்கிறது. என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள், வால்வு அமரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காற்று வளைந்து திரும்பும் விளிம்பைத் துளி மழுக்கினாலே சக்தி கூடும். 2014ஆம் ஆண்டு தேசியப் போட்டியில், முன்னணியில் முடித்த பல கார்கள் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இதற்காகவே தகுதி நீக்கம் செய்யப்பட்டன. கழற்றிப் பார்க்காத விதி, என்னைக் கேட்டால், வெறும் வேண்டுகோள்தான்.

அடுத்தது டயர். ஒரே டயர் என்று விதித்தாலும், அது நாலைந்து ஓட்டத்தில் பிடிப்பை இழக்கும் ரகமானால், வசதியுள்ளவர் ஒவ்வொரு வாரமும் புதுச் செட் மாட்டுவார். ஆகவே சற்று மெதுவானாலும் நீடித்து உழைக்கும் டயரே இத்தகைய பந்தய வகுப்புக்குப் பொருத்தம். போட்டியாளர் கூட்டம் சேருவதோ முதலிடக்காரரால் அல்ல. பதினைந்தாவது இடத்துக்கு முட்டி மோதுபவருக்கும் பக்கத்தில் ஒரு கார் ஓடினால்தான் அவர் அடுத்த பந்தயத்துக்கும் நுழைவுக் கட்டணம் கட்டுவார்.